எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார்?

(சேலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை ‘மானிடவியலாளர் ஒருவரின் வாழ்வும் களப்பணியும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒருவர் பிரெண்டா பெக். சிகாகோவில் படித்து, ஆக்ஸ்போர்டு முனைவர் பட்டத்துக்காக 1964இல் கொங்கு நாட்டுக்கு வந்து, 1966 வரை காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் களப்பணி செய்தவர். கனடாவில் பேராசிரியராக இருந்தவர். சேலத்து மேடையில் காங்கயத்துக் கதை எதற்கு என்று யாரேனும் நினைக்கலாம். கொங்கு மண்டலத்தின் பழைய இருபத்துநான்கு நாட்டுக் கணக்கில் காங்கய நாடும் உண்டு. திருச்செங்கோடு அடங்கிய கீழ்க்கரைப் பூந்துறை நாடும் உண்டு. இராசிபுர நாடும் வாழவந்தி நாடும் உண்டு. காவிரி நடுவில் ஓடுகிறதே தவிர, பெண் கொடுப்பதும் மாடு வாங்குவதும் நின்றதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. பெக் எழுதியதற்கு அவருக்குப் பின்வந்த மானிடவியலாளர்கள் பதில் சொன்ன இடம் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிதான். அதனால் பெக்கை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் மூவரைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒரு மானிடவியலாளரின் வாழ்க்கையை ஆராயப் புகுகிறவர் அவர் எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், என்ன கோட்பாடு பேசினார் என்று தொடங்குவது வழக்கம். களத்தில் அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார் என்று முதலில் கேளுங்கள் என்கிறேன். அவர் எதைக் கண்டார், எதைக் காணாமல் விட்டார் என்பதில் பெரும்பகுதியை அந்தத் திண்ணை தீர்மானித்துவிடுகிறது. கோட்பாடு பிறகுதான் வருகிறது. இதை ஆறு கூறாகச் சொல்கிறேன்.

1. கூடாரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மானிடவியலாளர் என்று தனியாக எவரும் இல்லை. அருங்காட்சியக அதிகாரியோ ஆட்சிப்பணி அதிகாரியோ அந்த வேலையையும் சேர்த்துச் செய்தார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடுக்கினார். உடன் உழைத்த க. ரங்காச்சாரியின் பெயரைத் தலைப்புப் பக்கத்திலேயே போட்டார். அந்த நாளில் அது பெரிய மனசு.

நமக்கு நெருக்கமானவர் எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ். 1918இல் வெளியான சேலம் மாவட்ட கெசட்டியர் அவர் எழுதியது. லெ ஃபனு 1883இல் எழுதிய சேலம் மேனுவலுக்குப் பிறகு வந்த பெரிய முயற்சி அது. ஐ.சி.எஸ். அதிகாரி, ஆனால் மனம் முழுக்க மக்கள் வழக்கங்களில். மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தைப் பற்றி 1914இலேயே லண்டன் மானிடவியல் இதழான ‘மேன்’இல் கட்டுரை எழுதியவர். பெங்களூரில் 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டியில் முன்னின்றவர்.

அவருக்குத் திண்ணை கிடையாது, கூடாரம்தான். அதிகாரி முகாம் போட்டால் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் ஊர்ப் பெரியதனக்காரரும் வந்து நிற்பார்கள். நிலவரி கேட்கிறவரிடம் கல்யாண முறை சொல்லும்போது என்ன வரும்? முறைப்படி எப்படி இருக்க வேண்டுமோ அது வரும். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள் கதை வராது. கெசட்டியரில் சாதிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில் அடைபட்டு, ஒன்றோடொன்று பேசாமல் இருப்பதற்கு ரிச்சர்ட்ஸின் அறிவுக்குறைவு காரணமில்லை. அவரிடம் வந்தவர்கள் அப்படித்தான் வந்து நின்றார்கள்: ஆளுக்கொரு மனுவோடு, தனித்தனியாக.

2. பண்ணையத்தின் கண்

பெக் வந்தபோது நிலைமை வேறு. ஊரிலேயே தங்குவது, பேச்சுமொழி பழகுவது, ஒரு முழு ஆண்டுச் சுழற்சியையாவது பார்ப்பது என்று பிரிட்டிஷ் மானிடவியல் விதி செய்து நாற்பது ஆண்டாகியிருந்தது. அவருடைய ஆய்வேடு 1968இல் ஆக்ஸ்போர்டில் ஏற்கப்பட்டது. 1972இல் வான்கூவரில் நூலாக வந்தது. ‘கொங்கு உழவர் சமூகம்’ என்று தமிழில் சொல்லலாம். தென்னிந்தியச் சாதிகளின் வலங்கை, இடங்கைப் பிரிவுகளைப் பற்றி எழுதுகிறவர் எவரும் இன்றும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது.

உள்ளே போவதற்கு முன் நூலின் அடுக்கைப் பாருங்கள். முதலில் கொங்கு மண்டலம். அடுத்து காங்கய நாடு. அதற்குள் கண்ணபுரம் கிராமம். அதற்குள் ஓலப்பாளையம் என்னும் ஊர். கடைசியில் வீடும் குடும்பமும். வெளியிலிருந்து உள்ளே வரும் இந்த வரிசை ஆய்வாளரின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். காங்கயத்துக் கவுண்டர் ஒருவரை நிறுத்தி ‘நீங்கள் யாருங்க?’ என்று கேளுங்கள். நாடு, காணி, குலம், குலதெய்வக் கோவில் என்று ஏறக்குறைய இதே வரிசையில்தான் சொல்வார். நிலத்தோடு கட்டுண்டவரின் முகவரி அது. பெக் நூலின் எலும்புக்கூடு அந்த முகவரிதான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மேட்டாங்காட்டில் வேறு எப்படி ஒருவர் நுழைய முடியும்? கிளுவை வேலி போட்ட கொறங்காடு, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல் மரம், நடுவில் மேயும் காங்கயம் மாடு. எந்த வேலி எந்தக் குலத்துப் பங்காளியுடையது என்று தெரியாவிட்டால் அங்கே குறுக்கே நடக்கக்கூட முடியாது. பெக் அந்த அறிவைத்தான் முதலில் கற்றார்.

கற்றதைக் கொண்டு அவர் கண்டது பெரிது. சென்னைப் பட்டணத்தில் 1707இல் வலங்கையும் இடங்கையும் தெருவுக்காக மோதிக்கொண்ட கதை கும்பினி ஆவணங்களில் இருக்கிறது. 1960களில் அந்தப் பெயர்கள் மக்கள் வாயிலிருந்து ஏறக்குறைய மறைந்திருந்தன. பெயர் போனாலும் பிரிவு போகவில்லை என்று காட்டினார் பெக். கவுண்டர், பண்டாரம், நாவிதர், பறையர் என்று நிலத்தையும் நிலவுடைமையாளரையும் சுற்றி நின்றவர்கள் ஒரு பக்கம். கோமுட்டிச் செட்டியார், ஆசாரி, கைக்கோள முதலியார், மாதாரி என்று கைத்தொழிலும் வாணிகமும் சார்ந்தவர்கள் மறுபக்கம். பிராமணரும் கணக்கெழுதும் கருணீகப் பிள்ளையும் இரண்டிலும் சேராதவர்கள். மேல்தட்டில் இருபக்கத்தாருக்கும் வழிபாட்டிலும் உறவுமுறையிலும் வேறுபாடு கூர்மையாக இருக்கிறது. கீழே இறங்க இறங்க அது மங்குகிறது. வலங்கையின் மேல்தட்டுக்குப் பெருமை நிலமும் அதைச் சார்ந்த அதிகாரமும். இடங்கையின் மேல்தட்டுக்குப் பெருமை ஆசாரமும் சாத்திரமும். இவ்வளவையும் ஒரே கிராமத்துக்குள் பிரித்துக் காட்டியது சாதாரண வேலை இல்லை.

ஒரு காட்சியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கண்ணபுரம் மாரியம்மன் நோன்பும் சித்திரை மாட்டுச்சந்தையும் உங்களுக்குத் தெரியும். நோன்பு சாட்டியதும் கோவில் முன்னால் மூன்று கிளையாகப் பிரியும் மரத்தைக் கம்பமாக நடுவார்கள். நம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் நடுவதும் அதே கம்பம்தான். விடியலில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள்நீர் ஊற்றுவார்கள், வேப்பிலை சாத்துவார்கள். பொழுது சாய்ந்தால் அதே கம்பத்தின் உச்சியில் தீச்சட்டி எரியும். பையன்கள் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். நோன்பு முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். கம்பம் அம்மனுக்குப் புருஷன் என்பார்கள் சிலர். அசுரன் என்பார்கள் சிலர். சூடும் குளிர்ச்சியும் சடங்கில் மாறிமாறி வரும் இந்த ஓட்டத்தைப் பற்றிப் பெக் 1969இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கிறது. நியாயம்தான், அவ்வளவு நுட்பமான கட்டுரை.

ஆனால் அதே கம்பத்தை எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம்? மரம் வெட்டுவது யார், சுமப்பது யார், பறையடிப்பது யார், முதல் குடம் ஊற்றும் மரியாதை யாருக்கு? மரியாதை பெறுகிறவருக்குக் கம்பம் ஒரு குறியீடு. பறையடிக்கிறவருக்கு அது பத்துப் பதினைந்து இரவு கண்விழிப்பு, அதற்குரிய கூலி, கூலி சரியாக வராவிட்டால் ஒரு சண்டை. சூடு, குளிர்ச்சி என்னும் விளக்கம் முதலாமவருக்கு இனிக்கும். இரண்டாமவர் என்ன சொல்வார் என்பதற்கு அந்தக் கட்டுரையில் இடம் குறைவு. திண்ணையின் விளைவு என்று நான் சொல்வது இதைத்தான்.

3. தாலுகா அலுவலகத்து அலமாரி

இப்படிப்பட்ட ஒருவரின் களப்பணியை ஆராய விரும்பும் மாணவர் எங்கே போக வேண்டும்? நடைமுறையாகச் சொல்கிறேன்.

முதல் தொல்லை எல்லைகள். பெக் வந்தபோது ஓலப்பாளையம் கோயம்புத்தூர் மாவட்டம். 1979இல் பெரியார் மாவட்டம் பிரிந்தது. அதுதான் பிறகு ஈரோடு. 2009இல் திருப்பூர் மாவட்டம் வந்ததும் காங்கயம் அங்கே போனது. நம் பக்கமும் அப்படித்தான். 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது; 1997 தொடக்கத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டம். ஒவ்வொரு பிரிவினையிலும் பழைய பதிவேடுகள் வண்டியேறின. எது எந்த அலுவலகத்தில் தங்கியது என்று கண்டுபிடிப்பதே முதல் ஆய்வு.

இரண்டாவது தொல்லை ஆட்கள். பரம்பரைக் கிராம அதிகாரிகளை 1980இல் அரசு நீக்கியபோது மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் பதவியிழந்தார்கள். அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரை போனது நல்லதுதான். ஆனால் எந்தப் புல எண் எந்தப் பங்காளியுடையது, எந்த மானியம் எந்தக் கோவிலுக்கு என்று வாயாலேயே சொல்லக்கூடியவர்களும் அத்தோடு போனார்கள். பெக் போன்றவர்களுக்குப் பாதித் தகவல் அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் வந்திருக்கும். இன்று நிலப்பதிவேட்டையும் 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டையும் பெக்கின் நூலையும் ஒன்றாக விரித்து வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றில் இல்லாத வீடு இன்னொன்றில் இருக்கும்.

மூன்றாவது, களக்குறிப்புகள். மானிடவியலாளரின் உண்மையான வாழ்க்கை வரலாறு அவருடைய அச்சிட்ட நூலில் இல்லை, குறிப்பேடுகளில் இருக்கிறது. அவை எளிதில் அழியக்கூடியவை. எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1948இல் சேகரித்த குறிப்புகளிலிருந்து பிழிந்து எடுத்து எழுதிவைத்திருந்தவை 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையாயின. பிறகு நினைவைக் கொண்டே 1976இல் ஒரு நூலை எழுதி முடித்தார். பெக் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. அவருடைய ஆவணங்களை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம் பாதுகாத்து இணையத்தில் தருகிறது. ஓலப்பாளையத்துப் பேச்சு டொராண்டோவில் இருக்கிறது. அதைப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

நான்காவதாக, ஆண்டை மறக்கக்கூடாது. 1965 சனவரி, பிப்ரவரியில் மாநிலம் முழுக்க இந்தி எதிர்ப்புப் போராட்டம். பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. இரண்டு ஆண்டில் பக்தவத்சலம் ஆட்சி போய் அண்ணா ஆட்சி வந்தது. கவலை ஏற்றம் போய்ப் பம்புசெட் வந்துகொண்டிருந்தது. ஒரு கிராமத்தை நிலையான அடுக்காகக் காட்டும் நூலை அந்த இரண்டு ஆண்டுச் செய்தித்தாள்களோடு சேர்த்துப் படித்தால் அடுக்கு ஆடத் தொடங்கும். படித்துப் பாருங்கள்.

4. உடுக்கடி இரவுகள்

பெக்கின் வாழ்க்கையில் உண்மையான திருப்பம் வலங்கை, இடங்கை ஆய்வில் நிகழவில்லை. ஓலப்பாளையத்து உடுக்கடிப் பாட்டில் நிகழ்ந்தது. 1965இல் ஊரில் அண்ணன்மார் கதை பாடினார்கள். ஒருவர் உடுக்கை அடித்துப் பாட, இன்னொருவர் பின்பாட்டு. பல இரவுகள் நீண்ட அந்தக் கதையைப் பெக் ஒலிநாடாவில் பதிவு செய்தார். சாதி அடுக்கை அளக்க வந்தவர் அதன்பின் ஐம்பது ஆண்டுக்கும் மேலாகப் அந்தக் கதையின் பொன்னரையும் சங்கரையும் அவர்கள் தங்கையையும் விடவே இல்லை.

இங்கே அவர் செய்த ஒரு காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் கூட்டத்தின் முன் பாடியது ஒரு வடிவம். அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதியது இன்னொரு வடிவம். இரண்டையும் அச்சுப் பிரதிகளையும் வைத்து ஒப்பிட்டு 1982இல் ஒரு நூல் எழுதினார். கூட்டம் எதிரே இருக்கும்போது வரும் கதை வேறு, எழுதுகிறவர் எதிரே இருக்கும்போது வரும் கதை வேறு என்பதை நாட்டார் வழக்காற்றியலில் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்தவர்கள் சிலர்தான். பாடலின் தமிழ் மூலமும் ஆங்கிலமும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியே இரண்டு தொகுதிகளாக வந்தன. பிறகு அதையே குழந்தைகளுக்கான அசைவூட்டத் தொடராக்கவும் பாடுபட்டார். பேராசிரியர்கள் பலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

தமிழில் சக்திக்கனல் 1971இல் ஏட்டுப் பிரதியிலிருந்து இந்தக் கதையைப் பதிப்பித்துவிட்டார். கலைஞர் அதை நாவலாக்கினார். 2011இல் சினிமாவாகவும் வந்தது. ஆனால் பாடகரின் மூச்சையும் பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’வையும் சேர்த்துக் காப்பாற்றிய பெருமை பெக்குக்கே.

திண்ணைக் கேள்வி இங்கேயும் வரும். கதையில் பொன்னரும் சங்கரும் உழவர் மக்கள், எதிரிகள் வேட்டுவர், பன்றி கொம்பன், உடன் சாகத் துணிந்த சாம்பான் பறையர். வீரப்பூரில் மாசிப் படுகளத்தில் விழுந்து கிடப்பவர்களைத் தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேட்டுவர் வீட்டில் இதே கதையைக் கேட்டால் நியாயம் மறுபக்கம் சாய்கிறது. காடு யாருடையது என்ற கேள்வி முன்னே வருகிறது. சாம்பானைப் பாடுகிற வீட்டில் கேட்டால் நாயகனே மாறுகிறான். ஒரே பாடகரை இவ்வளவு ஆழமாகக் கேட்டதுதான் பெக்கின் பலம். மற்றத் திண்ணைகள் மிச்சமிருப்பதற்கும் அதுவே காரணம். அவற்றில் உட்கார வேண்டியவர்கள் நாம்.

5. தறிமேடை

இப்போது காவிரியைத் தாண்டி நம் பக்கம் வருகிறேன். மாட்டிசன் மைன்ஸ் கலிஃபோர்னியாவில் பேராசிரியராக இருந்தவர். பல்லாவரத்து முஸ்லிம் வணிகர்களைப் பற்றி 1972இலேயே நூல் எழுதியவர். 1970களின் கடைசியில் கைக்கோளர் அல்லது செங்குந்தர் என்னும் நெசவாளரைப் பற்றி ஆராயக் காஞ்சிபுரத்துக்கும் சேலம் வட்டாரத்துக்கும் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்கும் போனார். நூல் 1984இல் கேம்பிரிட்ஜில் வந்தது.

பெக்கின் வரைபடத்தில் இதே சமூகம் இடங்கையின் ஒரு கட்டத்தில் இருந்தது: நிலத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஆசாரம் பார்த்துக்கொண்டு, ஊர் ஓரமாக. மைன்ஸ் அவர்கள் தறிமேடைக்கே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் படம் திரும்பிவிட்டது. கிராமம் என்ற சட்டகமே அவர்களுக்குப் பொருந்தவில்லை. காஞ்சிபுரத்தைத் தலைமையாகக் கொண்ட எழுபத்திரண்டு நாடு என்று தமிழகம் முழுக்க விரிந்த அமைப்பு தங்களுக்கு இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். சோழர் படையில் கைக்கோளர் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. முருகனின் நவவீரர் மரபு தங்களுடையது என்கிறார்கள். ஒட்டக்கூத்தரைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். சந்தைக்குச் சந்தை நடந்த வணிகரின் நிலப்பரப்பு உழவரின் காணியைப் போல ஓரிடத்தில் நிற்பதில்லை. நிலவுடைமையாளரைச் சுற்றியே தமிழ்ச் சமூகம் சுழல்கிறது என்ற எண்ணத்துக்கு இந்த நூல் நேரடியான மறுப்பு.

பெக் தவறா, மைன்ஸ் சரியா? அப்படிக் கேட்பது வீண். இருவரும் இடங்கையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் கவுண்டர் பண்ணையத்திலிருந்து பார்த்தார், இன்னொருவர் தறிக்குழியிலிருந்து பார்த்தார்.

6. விசைத்தறிக் கொட்டகை

தறிக்குழியையும் ஒருவர் திருப்பிப் பார்த்துவிட்டார். 1990களின் நடுவில் குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் வந்த கீர்ட் டி நெவ், ‘நெசவாளர் சமூகம்’ என்ற மொத்தப் பெயருக்குள் முதலாளியும் கூலிக்காரரும் இருப்பதைப் பிரித்துப் பார்த்தார். அவருடைய நூல் 2005இல் வந்தது. அவர் கவனித்த முக்கியமான பொருள் பாக்கி.

குமாரபாளையத்துப் பிள்ளைகள் இங்கே இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. விசைத்தறிக்கு ஆள் சேரும்போது உரிமையாளர் ஒரு தொகையை முன்பணமாகக் கொடுக்கிறார். அது தீரும்வரை ஆள் போகமாட்டார் என்பது அவர் கணக்கு. பார்த்தால் கொத்தடிமை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் தறிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் கணக்கு தலைகீழாகிறது. அடுத்த உரிமையாளர் இன்னும் பெரிய பாக்கி தருகிறார். பழைய பாக்கியை அதிலிருந்து அடைத்துவிட்டு ஆள் அங்கே போய்விடுகிறார். கொடுத்த பாக்கியோடு ஆள் காணாமல் போய், உரிமையாளர் தேடிக்கொண்டு அலைவதும் உண்டு. கட்டுவதற்காகப் போட்ட கயிறே கட்டப்பட்டவரின் கையில் பேரம் பேசும் கருவியாகிறது. எப்போதும் இல்லை, சில நேரம். இதைச் சங்கத் தலைவரின் அறையிலிருந்தோ உரிமையாளரின் கணக்குப்பதிவேட்டிலிருந்தோ கண்டிருக்க முடியாது. இரவு ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்பவரோடு நின்றால்தான் தெரியும்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் குமாரபாளையம் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல்லுக்கு மாறியது. எல்லை மாறிற்று, பாக்கி மாறவில்லை.

கூடாரம், பண்ணையம், தறிமேடை, கொட்டகை என்று நான்கு இடங்களைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடலாம். நால்வரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் எல்லாத் திண்ணையிலும் உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். நமக்குப் பிறப்பிலேயே ஒரு திண்ணை வாய்த்துவிடுகிறது. பக்கத்துத் தெருத் திண்ணைக்குப் போக வெளிநாட்டுக்காரரைவிட நமக்கு அதிகக் கூச்சம், சில இடங்களில் அதிக ஆபத்தும்கூட. வெள்ளைக்கார அம்மாவைச் சேரியிலும் உட்காரச் சொல்வார்கள், பண்ணையத்திலும் உட்காரச் சொல்வார்கள். உங்களை எங்கே உட்காரச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆய்வேட்டின் முன்னுரையில் அதை எழுதிவிட்டுத் தொடங்குங்கள். வழிகாட்டி வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.

இன்னும் யாருமே சரியாக உட்காராத இடங்கள் இந்தச் சமவெளியில் ஏராளம். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் இந்தியாவின் எந்த மூலையிலும் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன; அந்த வண்டியில் மாதக்கணக்கில் வாழும் பையன்களைப் பற்றி முழு நூல் ஒன்று வேண்டும். சங்ககிரி லாரிப் பட்டறைகள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளின் காயப்போடும் களங்கள், எல்லாம் காத்திருக்கின்றன.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். பெக் ஓலப்பாளையத்தில் இருந்த 1965இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. ரிச்சர்ட்ஸுக்கு முகாம் போட்டவர்களைக் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. பெக்கைப் பார்த்தவர்களைக் கேட்கும் வாய்ப்பு இன்னும் கொஞ்ச காலத்துக்கு இருக்கிறது. அந்த அம்மா என்ன கேட்டார், யார் வீட்டில் சாப்பிட்டார், யார் வீட்டுக்குப் போகவில்லை, நாடாப்பெட்டியைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று போய்க் கேளுங்கள். வளவுக்குள் இருக்கும் பெண்களிடம் முதலில் கேளுங்கள். ஆண்கள் பெரும்பாலும் முறையைத்தான் சொல்வார்கள். பதிவில் நாள், ஊர், பேசியவர் பெயர், அவர் கொடுத்த அனுமதி நான்கும் இருக்க வேண்டும். ஒரு பிரதியைப் பேசியவர் வீட்டிலேயே கொடுங்கள். இன்னொன்றை உங்கள் கல்லூரி நூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ சேருங்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.